மடிப்புப் பக்கம்

திரையைக் கம்பியிலிருந்து கழற்றும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். தெருவைப் பார்த்த பக்கம் வெள்ளையாக இருந்தது. அறையைப் பார்த்த பக்கம் கறுத்திருந்தது.

முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தக் காலனியில் முக்கால்வாசி வீடுகளுக்கு ஈரத்திரை தைத்துக் கொடுத்தவள் தன் வீட்டுத் திரையைத் திருப்பி மாட்டிவிட்டாள் என்றால் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள். போகிற போக்கில் விரல் தானாகவே துணியின் ஓரத்தைத் தடவியது. தைக்கிறவர்களுக்கு அது ஒரு வியாதி, எந்தத் துணி கையில் கிடைத்தாலும் ஓரத்தைத் தடவாமல் விடமாட்டார்கள். மடிப்புத் தையல் கறுப்புப் பக்கத்தில் இருந்தது.

அவள் நின்றுவிட்டாள். மடிப்பு எப்போதும் அறையைப் பார்த்துத்தான் இருக்கும், அப்படித்தான் அவள் வளையம் வைத்துத் தைப்பாள், மாற்றி மாட்டினால் வளையம் கம்பியில் ஏறாது. ஆக, திரை சரியாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வரும் தூசியைத் தடுக்கக் கட்டிய துணியில் தூசி உள்ளேயிருந்து வந்து படிந்திருந்தது. துணியை வாளியில் முக்கி ஊறவைத்தாள்.

ஈரத்திரை என்பது அந்தக் காலனிக்காரர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு. கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கம், பூமியையே கிண்ணமாகத் தோண்டி வைத்த மாதிரி ஒரு பள்ளம். தினமும் பிற்பகலில் அங்கே வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சங்கு ஊதும். உடனே எல்லா வீட்டிலும் கதவு சன்னல்களைச் சாத்தி, இரண்டு அடுக்குக் காடாத் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சன்னலின் உள்பக்கம் தொங்கவிட்டு, வாசற்படிக்கு ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். வெடிக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முணுமுணுக்கும். தூசி எழும்பி, தெருவைக் கடந்து, அதற்கு எங்கே இஷ்டமோ அங்கே படியும். படிந்தபின் இரண்டாம் சங்கு. அதற்கப்புறம்தான் கதவைத் திறக்கலாம். கட்டிய புருஷனே வந்து தட்டினாலும் இரண்டாம் சங்குக்கு முன்னால் திறக்கக்கூடாது என்பது காலனி வழக்கம். தட்டுகிற புருஷனுக்கும் அது தெரியும் என்பதால் யாரும் தட்டுவதில்லை.

திரையை நனைக்கிற தண்ணீரின் யோக்கியதையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. குழாயைத் திறந்தால் முதலில் கரிக்கட்டையைக் கரைத்த மாதிரி வரும். பிடித்துக் குடத்தில் வைத்து, அசையாமல் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் இன்னொரு குடத்துக்குச் சாய்த்து, காய்ச்சி, வடிகட்டிக் குடிக்க வேண்டும். அப்படியும் தீக்குச்சி மருந்தின் வாடை அதில் இருக்கும். ஆற்றிலிருந்து வருகிற தண்ணீர்தான், ஆனால் ஆறு வழியில் நிலக்கரி கழுவும் ஆலைக்குள் போய்விட்டு வருகிறது.

அவளுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். ஓடுகிற பெல்ட்டின் ஓரத்தில் நின்று, கரியோடு வரும் கற்களைப் பொறுக்கிப் போடுகிற வேலை. மகள் வயிற்றில் இருக்கும்போதும் நின்றாள். மகள் பிறந்தபிறகு வேலையை விட்டுவிட்டு, தையல் மிஷினை வாங்கி வீட்டில் போட்டாள். வீட்டில் உட்கார்ந்த பிறகு கரி தன்னை விட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது அவளுடைய கவலையெல்லாம் மகள்தான். சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆறு வயது, கொஞ்சம் இளைப்பு. தூரத்து நகரத்து டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இங்கயே இருந்தா இருக்காது. உள்ள போய்ப் படிஞ்சதுன்னா அப்புறம் எடுக்க முடியாதும்மா" என்றார். சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டும் கணவருக்குத் துறைமுகப் பக்கம் மாற்றல் கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்பவேண்டியதுதான். அதுவரைக்கும் சிட்டுவின் நெஞ்சுக்குள் ஒரு சிட்டிகை தூசி போகக்கூடாது. பள்ளிக்கூடத்தை நிறுத்தியாயிற்று, தெருவில் விளையாடுவதை நிறுத்தியாயிற்று. சன்னல் திறந்திருக்கும் நேரமும் சுருங்கிச் சுருங்கி, இப்போது திறப்பதே இல்லை. அந்த வீட்டுக்குள் வெயில் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

"திருப்பி மாட்டியிருப்ப," என்றார் அவர், சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"மடிப்பு உள்பக்கம்தாங்க இருந்துச்சு."

"அப்ப காத்து சுத்தி வந்திருக்கும். காத்துக்கு உன் மடிப்பெல்லாம் தெரியுமா?"

"அடைச்ச வீட்டுக்குள்ள காத்து எங்கருந்துங்க வரும்? உங்க சட்டையோட வந்துச்சோ என்னவோ."

"என் சட்டையா? பின்கட்டுல என்னைக் குளிக்க வெச்சு, துணி மாத்தி, காதக் கூடக் காட்டச் சொல்லித்தான உள்ள விடற? போன ஜென்மத்துல நீ செக்போஸ்ட்லதான் இருந்திருப்ப."

சிட்டு சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் ஒரு சின்ன இருமல் வந்தது. அவளுக்கு அது எப்போதும் வருகிற இருமல்தான்.

மூலையில் தொங்கிய கூண்டிலிருந்து கிளியும் இருமியது.

அந்தக் கிளி எதிர்வீட்டு அக்காவுடையது. அக்காவும் அவளும் ஒரே பெல்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். அக்காவுக்கு யாரும் இல்லை, கிளிதான் எல்லாம். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் அக்கா வந்து, "ஏண்டி, என் திரைய மாத்தித் தெச்சுட்டியா? உள்பக்கம்தான் கறுக்குது" என்று கேட்டாள். "கண்ணாடி போடுங்கக்கா" என்று இவள் கேலி பண்ணி அனுப்பிவிட்டாள். அப்புறம் ஒரு பிற்பகல் இரண்டாம் சங்கு ஊதி, எல்லாக் கதவுகளும் திறந்தபிறகும் அக்காவின் கதவு திறக்கவில்லை. உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அக்கா நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாயையும் மூக்கையும் சுற்றி ஈரத்துணி, சுற்றுமேல் சுற்று, தலைக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அறையின் எதிர்மூலையில் கிளிக்கூண்டு. அதன்மேல் ஒரு ஈரத்திரை, தரை தொடும்படி போர்த்தியிருந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே கிளி பச்சைப்பசேலென்று, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் இருந்தது. பாவம், தூசிக்குப் பயந்து கட்டிக்கொண்டு மூச்சுமுட்டிப் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். எதற்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. திரைகளைக் கழற்றித் துவைத்தவள் இவள்தான். அன்றைக்கு அவள் மடிப்பைப் பார்க்கவில்லை.

கிளியைச் சிட்டுவுக்காக எடுத்துவந்தாள். அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று அக்காவின் இருமல், அச்சு அசலாக. இன்னொன்று, அக்காவின் குரலில் தாழ்வாக, "அந்தப் பக்கம் திரும்பு."

"யாரத் திரும்பச் சொல்லுதும்மா?" என்று சிட்டு கேட்பாள்.

"கூண்டத் தொடைக்கறப்ப அக்கா அதுகிட்ட சொல்லியிருப்பாங்க. அதப் புடிச்சுக்கிச்சு."

சிட்டு அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள். கிளி சொன்னவுடன் எங்கே இருந்தாலும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். அம்மாவின் மடியில் இருந்தாலும் சரி.

மறுநாளும் திரையின் மடிப்புப் பக்கம் கறுத்தது. அதற்கு மறுநாள் இன்னும். ஏதோ ஒரு ஓட்டை தன்னை ஏமாற்றுகிறது என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. கூரைக்குக் கீழே இருந்த காற்றுத்துளையை அட்டை வைத்து அடைத்தாள். கழுநீர்த் தொட்டியின் ஓட்டையில் துணிப்பந்து. குளியலறைச் சாக்கடை வாயில் ஈரச்சாக்கு. சுவிட்சுப் பெட்டியின் இடுக்கில் மெழுகுவர்த்தியைச் சொட்டினாள். சன்னல் சட்டங்களை டேப் ஒட்டி, அதன்மேல் இன்னொரு டேப் ஒட்டினாள். வீட்டுக்குள் காற்று நகராமல் நின்றது. காலையில் பேசியது மாலையிலும் அங்கேயே இருக்கும் போலிருந்தது. நனைந்த துணியின் வாடையும், தீக்குச்சி மருந்து வாடையும், மூன்று பேருடைய மூச்சின் வாடையும் சேர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டன.

அடைக்க அடைக்கத் திரை அதிகமாகத்தான் கறுத்தது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளே ஒரு வழி செய்தாள். வீட்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகளையெல்லாம் துடைத்து அறைக்கு அறை வைத்தாள். ஒரு பகல் ஓர் இரவு கழித்து விரலால் தடவிப் பார்த்தாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்த தட்டில் விரல் கறுத்தது. அடுப்படியில், அவள் காய் நறுக்குகிற பலகைக்குப் பக்கத்திலும் அப்படியே. கூடத்தின் நடுவில் இருந்த தட்டு சுத்தம். படுக்கையில் அவளுடைய தலையணையோரம் வைத்தது நல்ல கறுப்பு. சிட்டுவின் பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றில் அவளுக்கு உயிர் வந்தது. மிஷினுக்கு மேலே, பலகைக்கு மேலே, தலையணைக்கு மேலே கூரையில் விரிசல் இருக்கிறது என்று முடிவுகட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, விரிசல் இல்லாத இடங்களிலெல்லாம் டேப் ஒட்டிவிட்டு இறங்கினாள்.

பிறகு அந்தச் சத்தம். சிட்டு தூங்கிவிட்ட மதிய நேரங்களில், மிஷினை நிறுத்திவிட்டு நூல் கோக்கும்போது, சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரி மெல்லிய ஒரு சரசரப்பு எங்கேயோ கேட்கும். சர். கொஞ்சம் நிற்கும். சர். மிகப் பக்கத்தில்தான் கேட்கும், ஆனால் எங்கிருந்து என்று சொல்ல வராது. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பாள். உடனே நின்றுவிடும். நன்றாகக் கவனித்தால் நின்றுபோகிற சத்தத்தை என்னவென்று புருஷனிடம் சொல்வது? அவள் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள் இருந்தபோது, ஒருநாள் முதல் சங்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஊதியது. அவள் திரைகளை நனைத்துத் தொங்கவிட்டு, வாசற்படியில் சாக்கைத் திணித்துவிட்டு, சிட்டுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். வெடித்தது. எப்போதும் முணுமுணுக்கிற டம்ளர்கள் அன்றைக்கு அலமாரியிலிருந்து குதித்தன. அதன் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது. வெடி இல்லை அது, லாரி லாரியாக மண்ணைக் கொட்டுகிற சத்தம், நிற்காமல் நீண்டுகொண்டே போனது. விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது.

பட்டப்பகல். திரைகளுக்குப் பின்னால் இருந்த வெளிச்சம் முதலில் மஞ்சளாகி, பழுப்பாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் ஆனது.

கைபேசி அடித்தது. கணவர்.

"கதவ மட்டும் தெறந்துடாத. சுரங்கத்து மண்ணக் கொட்டி வெச்ச பெரிய மேடு சரிஞ்சுடுச்சு. காத்தே அடிக்கல, தூசி அப்படியே தெருவுல நிக்குது. எதுத்தாப்புல நிக்கிற ஆளத் தெரியல."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஷெட்டுல. உள்ளதான் இருக்கோம், பயப்படாத. ரெண்டாம் சங்கு ஊதற வரைக்கும் யாரையும் நகரக்கூடாதுன்னுட்டாங்க. பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. பக்கத்துலதான் இருக்கா."

"நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

"ஓடி ஓடித் திரை போட்டேன்ல."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இணைப்பு போய்விட்டது. மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

காத்திருந்தார்கள். இரண்டாம் சங்கு ஊதவில்லை. சிட்டு முதலில் கிளியோடு பேசினாள், பிறகு தனக்குத் தானே பாடினாள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எல்லா வீடுகளிலும் மனிதர்கள் இப்படித்தான் இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது அவளுக்கு நெஞ்சு இறுகியது. இறுகியதால் பெருமூச்சு விட்டாள்.

சர்.

அவள் நிமிர்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். சத்தம் நின்றது.

பிடித்ததை விட்டாள். சர்.

மறுபடி பிடித்தாள். நின்றது.

வேண்டாம் என்றுதான் மனம் சொன்னது. கை அதைக் கேட்காமல் கைபேசியின் விளக்கைப் போட்டு, முகத்துக்கு நேராகப் பிடித்தது. மெல்ல மூச்சை விட்டாள். வெளிச்சத்தின் குறுக்கே ஒரு நூல் போயிற்று. கறுப்பு நூல். மிக மெல்லியது, ஐம்பதாம் நம்பர் நூலைவிட மெல்லியது. வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் நேராகப் போய், பிரிந்து, பொடிப்பொடியாகி, மிதந்து, மெதுவாக இறங்கியது.

இறங்கிய இடத்தில் சிட்டுவின் தலைமுடி இருந்தது.

சிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை.

"உனக்கு இப்பத்தான் தெரியுமாம்மா?" என்றாள்.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீ தூங்கறப்ப நெறைய வரும். அதான் நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். கிளி சொல்லும்ல."

மூலையிலிருந்து கிளி, தன் பேச்சு வரட்டும் என்று காத்திருந்ததைப் போல, தாழ்ந்த குரலில் சொன்னது. "அந்தப் பக்கம் திரும்பு."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. அக்கா அதைக் கிளியிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாள் முழுக்க, கிளிக்குப் பாடமாகிற அளவுக்கு. அவள் முகத்தில் சுற்றியிருந்த துணி தூசி உள்ளே போகாமலிருக்கக் கட்டியது இல்லை, வெளியே வராமலிருக்கக் கட்டியது. மிஷினுக்குப் பக்கத்துத் தட்டு, அடுப்படித் தட்டு, தலையணையோரத் தட்டு. கூரையில் விரிசல் இல்லை, தான் இருந்த இடம்தான் கறுத்தது. ஒவ்வொரு ஓட்டையாக அவளே அடைத்திருந்தாள், அவ்வளவு அக்கறையாக, டேப்புக்கு மேல் டேப் ஒட்டி. அடைத்து, உள்ளே மகளோடு உட்கார்ந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே போய்விட வேண்டும். அதுதான் முதலில் தோன்றியது. எழுந்து கதவுவரை ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவின் மேலிடுக்கில், டேப் கொஞ்சம் உரிந்திருந்த இடத்தில், தெருத் தூசி கறுப்பாக, ஒரு பூனைவால் தடிமனுக்கு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்தால் தெருவில் நிற்பது முழுக்க வீட்டுக்குள் வரும். சிட்டுவின் மேல் வரும். திறக்காவிட்டால் இவள் இருக்கிறாள். அவள் அழுதாள், வாயைப் பொத்திக்கொண்டே அழுதாள், அழுவதற்குக்கூட மூச்சு வேண்டியிருந்தது.

பிறகு செய்யவேண்டியதைச் செய்தாள். உரிந்த டேப்பை அழுத்தி ஒட்டினாள். கிளிக்கூண்டைத் தூக்கிப் படுக்கையறையில் வைத்தாள். சிட்டுவின் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலருகே நிற்கவைத்தாள். இருப்பதிலேயே புதிய திரையை எடுத்து, தெளிந்த குடத்துத் தண்ணீரில் முக்கி, படுக்கையறை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். மடிப்பு தன் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

"நீ வரமாட்டியாம்மா?" திரைக்குப் பின்னாலிருந்து சிட்டு கேட்டாள்.

பேச்சுக்கு மூச்சு வேண்டும். திரையை இரண்டு தட்டுத் தட்டினாள், இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு. அந்தப் பக்கத்திலிருந்து சின்ன விரல்கள் இரண்டு தட்டுத் தட்டின.

தையல் ஸ்டூலை எதிர்ச் சுவருக்கு இழுத்தாள். ஈரத்துணியை வாயின்மேல் வைத்து ஒரு சுற்று. மூக்கின்மேல் ஒரு சுற்று. இன்னொன்று. பின்னால் முடிச்சு. கைபேசியின் விளக்கைத் திரை தெரியும்படி தரையில் சாய்த்து வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கொஞ்சமாக இழுத்தாள். கொஞ்சமாக விட்டாள். துணி வாயில் சூடானது. கனத்தது. நாக்கில் தீக்குச்சி மருந்தின் ருசி. மாதக் கடைசி என்று நினைத்துக்கொண்டாள். துறைமுகம். உப்புக் காற்று. சன்னல் திறந்த ஒரு வீடு. சிட்டு அங்கே ஓடுவாள். இளைக்காமல் ஓடுவாள். தான் அந்த வீட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாம் சங்கு ஊதவில்லை.

கைபேசி விளக்கு மங்க ஆரம்பித்தது. அணைவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மூச்சை அடக்கிக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பினாள்.

திரை வெள்ளையாக இருந்தது. மடிப்பு வெள்ளை. ஓரம் வெள்ளை. அவளுடைய பக்கத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அவளால் முடிந்திருக்கிறது. அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை, பிள்ளை பெற்ற அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மேலிருந்து கீழே, துணியின் நெடுக, ஒவ்வொரு சாணாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாதிக்குக் கீழே கண் நின்றது.

ஒரு நிழல். இல்லை, நிழல் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஊறி வருகிறது. இரண்டு அடுக்கையும் தாண்டி ஊறி வருகிறது. பொத்தான் அளவு. திரைக்குப் பின்னால் அம்மா தட்டுவாள் என்று காத்து நிற்கிற ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

சர்.

அவள் மூச்சை அடக்கித்தான் வைத்திருந்தாள்.

சர்.

கிளி இருமியது. அக்காவின் இருமல் இல்லை. சின்ன இருமல்.

"அம்மா," என்றாள் சிட்டு, திரைக்கு மிகப் பக்கத்தில் நின்று. "நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கவா?"

பொத்தான் அளவு இருந்தது, அவள் பார்க்கப் பார்க்க, உள்ளங்கை அளவுக்கு ஆனது.